‘போயிட்டு வரேன்’ என்று சொல்ல ஓர் ஆள்

ஓர் அக்டோபரில் ஜப்பானின் செண்டாய் நகரில் வந்து இறங்கினேன். அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் (மெக்ஸ்ட்) உதவித்தொகையில் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. முதல் ஆறு மாதம் மொழி வகுப்புதான்.

குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். குப்பையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இங்கே வீட்டுக் குப்பைக்குப் பச்சைப் பை, பிளாஸ்டிக்குக்குச் சிவப்புப் பை. இரண்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். பச்சை வாரத்துக்கு இரண்டு நாள், சிவப்பு ஒரு நாள். தண்ணீர் பாட்டில் என்றால் மூடியைக் கழற்றி, மேல்தாளை உரித்து, கழுவித் தனியாகப் போட வேண்டும். முதல் வாரம் நான் வைத்த பையை மட்டும் வண்டிக்காரர்கள் எடுக்கவில்லை. மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

விடுதிக் காப்பாளர் அம்மா வந்தார். அறுபதைத் தாண்டியவர். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பையைப் பிரித்தார். தயிர் டப்பாவைத் தூக்கிக் காட்டி, “புரா” என்றார். பிளாஸ்டிக் என்பதன் சுருக்கம். என் எச்சில் குப்பையில் அவர் கை வைத்ததைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் என் கதவில் ஒரு காலண்டர் தொங்கியது. குப்பை நாட்களைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாய் வட்டங்கள்.

சாப்பாட்டில் மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பே தடங்கல், பெரும்பாலும் மீன் சேர்த்த சாறுதான் அதற்கு அடிப்படை. நான் சைவம், அதனால் அறையிலேயே சமையல். இந்த ஊர் அரிசி ஒட்டும். சாம்பாருக்குச் சரிவராது, தயிர்சாதத்துக்கு இதைவிட நல்ல அரிசியை நான் பார்த்ததில்லை.

நவம்பரில் வகுப்பில் ‘இத்தேகிமாஸ்’ வந்தது. வெளியே கிளம்பும்போது சொல்வது. இத்தே என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். போகிறவர் எதற்கு ‘வருகிறேன்’ என்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. வெறுமனே ‘போறேன்’ என்று சொன்னால் எங்கள் ஆச்சிக்குக் கோபம் வந்துவிடும்.

மறுநாள் காலை வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்த காப்பாளர் அம்மாவிடம் அதைச் சொன்னேன். துடைப்பத்தை நிறுத்திவிட்டு, “இத்தேராஷ்ஷாய்” என்றார். போயிட்டு வாங்க! ஒரு மாதமாக யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதுதான் என்னை வாட்டியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தின் கதாஹிரா வளாகத்தில் ஒரு பழைய வகுப்பறையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1904-இல் மருத்துவம் படிக்க வந்த சீன எழுத்தாளர் லூ சுன் உட்கார்ந்த அறை. ஃபுஜினோ என்ற ஆசிரியர் அவருடைய பாடக் குறிப்புகளை வாங்கி, மொழிப் பிழை உட்படச் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பாராம். அதைக் கேட்டதும் என் கதவில் தொங்கும் காலண்டர்தான் கண்ணில் வந்தது.

ஆகஸ்டில் தனபாதா என்ற நட்சத்திர விழா முடிந்ததும் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினேன். பெட்டியோடு நின்று “இத்தேகிமாஸ்” என்றேன். “இத்தேராஷ்ஷாய்” என்று சொல்லி அம்மா ஒரு தாளை நீட்டினார். செப்டம்பர் மாதம். நான் திரும்பி வரும் நாளுக்கு மறுநாளிலிருந்து வட்டங்கள் தொடங்கியிருந்தன.