தராசு முள் மெல்ல இறங்கிய 18 மாதங்கள்

2023 டிசம்பரில் கொழும்பிலுள்ள ஒரு வைத்தியசாலையில் எனக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. அன்று காலை என் நிறை 118 கிலோ, உயரம் 156 சென்ரிமீற்றர், வயது 47. உடற்திணிவுச் சுட்டி 48ஐத் தாண்டியிருந்தது. பன்னிரண்டு வருடங்களாக நீரிழிவு இருந்தது. அதில் கடைசி ஐந்து வருடங்கள் நாளுக்கு இரண்டு வேளை இன்சுலின் ஏற்றிக்கொண்டிருந்தேன். மட்டக்களப்பு கல்லடியில் வீடு. கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. ஒரு பாடவேளை முழுவதும் கரும்பலகைக்கு முன்னால் நிற்க முழங்கால்கள் இடம் கொடுக்காத நிலையில்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

எனக்குச் செய்ததை ஸ்லீவ் என்று சொல்வார்கள். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றிவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒடுங்கிய குழாய் ஒன்றை மட்டும் விடுகிறார்கள். சாப்பிடும் அளவு இதனால் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுக்கும் பகுதியில்தான் சுரக்கிறது என்பதால் பசியும் அடங்குகிறது. முதல் மாதம் எனக்குப் பசி என்பதே இல்லை. கஞ்சித் தண்ணீர், வடித்த சூப், பிறகு மசித்த பருப்பு என்று நாட்கள் போயின. மாத முடிவில் 8 கிலோ குறைந்து 110க்கு வந்திருந்தேன். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒரு வருடத்தில் பாதி ஆளாகிவிடுவேன் என்று நானே நம்பினேன்.

ஐந்தாவது வாரத்தில் முள் நின்றது. பதினேழு நாட்கள், காலையும் மாலையும் தராசில் ஏறிப் பார்த்தும் அதே 110. சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்றாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் இடையில் இப்படி ஒரு தேக்கம் வருவது மிகச் சாதாரணம் என்பதை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஈரலிலும் தசைகளிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் முதல் வாரங்களில் கரையும்போது அதனோடு கட்டுண்ட நீரும் வெளியேறுகிறது. அதனால் நிறை மளமளவென்று இறங்குகிறது. பின்னர் உடல் அந்தச் சேமிப்பை ஓரளவு மீட்டெடுக்கும்போது நீரும் திரும்பி வருகிறது. கொழுப்பு குறைந்துகொண்டிருந்தாலும் தராசில் தெரியாது. இதை நான் அறிந்துகொண்டது வெகு நாட்களுக்குப் பிறகுதான்.

தேக்கம் தானாகவே கலைந்தது. ஆனால் அதன்பின் இறங்கிய வேகம் என்னை வாட்டிவிட்டது. மூன்றாம் மாத முடிவில் 107. ஏழாம் மாதத்தில் 103. என்னோடு ஒரே வாரத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட கல்முனைத் தங்கச்சி ஒருவர் அதே காலத்தில் 34 கிலோ குறைந்திருந்தார். கிழமைக்கு ஒரு தடவை தொலைபேசியில் பேசிக்கொள்வோம். அவர் அன்போடு தன் கணக்கைச் சொல்வார். நான் என் கணக்கை அரைக் கிலோ கூட்டிச் சொல்லத் தொடங்கினேன். அவருக்கு வயது 28, ஆரம்ப நிறை என்னைவிட அதிகம், நீரிழிவு இல்லை. இளம் வயதினருக்கும் நீரிழிவு இல்லாதவர்களுக்கும் வேகமாகக் குறைவதும், மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இருப்பவர்களுக்கும் நீண்டகாலம் இன்சுலின் போட்டவர்களுக்கும் மெதுவாகக் குறைவதும் வைத்தியர்கள் அன்றாடம் காண்கிற விடயம். இரு வேறு எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு முன் அவற்றின் அலகுகள் ஒன்றா என்று பார்க்கும்படி வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

வெளியாட்களின் கேள்விகளும் வந்தன. மாமாங்கேஸ்வரர் கோயில் வீதியில் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் கையைப் பிடித்து, "என்ன மகள், இவ்வளவு காசைக் கொட்டி ஒப்பரேசன் செய்தும் உடம்பு இறங்கல்லியே" என்றார். அக்கறையில்தான் கேட்டார் என்பதை அறிவேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்த அழுகையில் ஒரு தவறான முடிவை எடுத்தேன். குறைவது போதவில்லையென்றால் இன்னும் குறைத்துச் சாப்பிடவேண்டும் என்று எண்ணி, நான்காம் மாதத்தில் காலையில் ஒரு முட்டை, பகலில் இரண்டு கரண்டி சோறு, இரவில் வெறும் சூப் என்று இருந்தேன். ஐந்தாம் மாதம் தலை குளிக்கும்போது விரல்களுக்கிடையில் முடி கொத்தாக வந்தது. குளியலறை வடிகான் வாயில் சுருண்டு கிடந்த முடியை என் அம்மா ஒரு குச்சியால் எடுத்துத் துணியில் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனதை இன்னும் மறக்கவில்லை. பெரிய சத்திரசிகிச்சைக்கும் வேகமான நிறை இழப்புக்கும் பின் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் முடி உதிர்வது பலருக்கும் நேர்வதுதான், பெரும்பாலும் அது திரும்பி வளர்ந்துவிடும். ஆனால் புரதமும் இரும்புச்சத்தும் போதாதபோது அது கூடுகிறது. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். நான் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. புரதம் குறைந்தால் உடல் தசையை எடுத்துச் செலவழிக்கிறது, தசை குறைந்தால் ஓய்வில் இருக்கும்போது எரியும் சக்தியும் குறைகிறது. பட்டினி கிடந்து நான் என் நிறை இழப்பை இன்னும் மெதுவாக்கிக்கொண்டிருந்தேன்.

2024 ஜூலையில் மறுபரிசோதனைக்காக இரவு ரயிலில் கொழும்புக்குப் போனேன். தைரொயிட், பி12, இரும்புச்சத்து, விற்றமின் டி எல்லாவற்றுக்கும் இரத்தம் எடுத்தார்கள். தைரொயிட் சுரப்பி சரியாக இருந்தது; இரும்புச்சத்தும் விற்றமின் டியும் குறைவாக இருந்தன. சத்திரசிகிச்சை நிபுணர் என் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போசாக்கு ஆலோசகரிடம் அனுப்பினார். அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "ரீச்சர், இரண்டு கிழமைக்கு வாயில் போடுகிற எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள், குடிக்கிறதையும் சேர்த்து" என்று மட்டும் சொன்னார்.

நான் ஒளித்து எதையும் சாப்பிடுகிறவள் அல்ல. ஆகவே அந்தப் பட்டியல் என்னைக் குற்றமற்றவளாகக் காட்டும் என்ற நம்பிக்கையோடு எழுதினேன். பதினான்கு நாட்கள் முடிந்து தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது மூன்று வரிகள் ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்ப வந்தன. காலை 10.40க்கு மூன்று பிஸ்கற், சீனி போட்ட பால் தேத்தண்ணி. பிற்பகல் 3.30க்கு நான்கைந்து பேரீச்சம்பழம். இரவு படுக்குமுன் சீனி கலந்த ஒரு கோப்பைப் பால். "இது ஏன் ரீச்சர்?" என்று கேட்டார். "அந்த நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டிக்கொண்டு வரும். அதற்காக எடுப்பது" என்றேன். எனக்கு அவை சாப்பாடு அல்ல, மருந்து. அதனால்தான் இத்தனை நாளும் அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் நடுக்கம் வந்ததும் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார். 61. அடுத்த நாள் 58. இரத்தத்தில் சீனி 70க்குக் கீழே போவதே ஆபத்து. காரணம் கிளினிக் கொப்பியில் எழுதிக் கிடந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் காலையில் 34 அலகும் இரவில் 22 அலகும் கலவை இன்சுலின் போட்டேன். கொழும்பிலிருந்து வெளியேறும்போது அதை 10, 6 என்று குறைத்துவிட்டிருந்தார்கள். மூன்றாம் மாதம் நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வந்து சீனி 218க்கு ஏறியபோது, நான் போய்க் காட்டிய கிளினிக்கில் 22, 14 என்று கூட்டினார்கள். காய்ச்சல் இருந்தவரை அது சரிதான். காய்ச்சல் மாறிய பிறகு யாரும் குறைக்கவில்லை. நெரிசலில் மாதாமாதம் அதே எண் பிரதி செய்யப்பட்டது. நானும் கேட்கவில்லை. கணிதம் படிப்பிக்கிறவள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கொப்பியை மூடி வைத்தேன் என்பதுதான் எனக்கு இப்போதும் வேதனை.

காலை ஆறரைக்குப் போடும் கலவை இன்சுலினின் நீடித்து வேலை செய்யும் பகுதி நான்கு மணித்தியாலத்தின் பின் உச்சத்துக்குப் போகத் தொடங்கும். 10.40 என்பது அந்த நேரந்தான். சுருங்கிய இரைப்பைக்குள் போகும் சிறிதளவு உணவுக்கு அந்த இன்சுலின் மிக அதிகம். சீனி இறங்கும், இறங்கியதை ஏற்ற நான் இனிப்புச் சாப்பிடுவேன், அந்த இனிப்பையும் அதிகப்படியான இன்சுலின் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும். அதோடு பிஸ்கற்றும் தேத்தண்ணியும் இந்த ஒடுங்கிய குழாயில் தங்குவதில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வையும் தராது. மீனும் முட்டையும் கடலையும் அப்படியல்ல, அவை தங்கி நிற்கும். ஆலோசகர் போட்ட கணக்கில் அந்த மூன்று வரிகளும் சேர்ந்து நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி. நான் முழு நாளும் சாப்பிட்ட மற்ற எல்லாமே 700தான்.

கொழும்பிலிருந்து கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு மட்டக்களப்பில் வேறொரு வைத்தியரிடம் போனேன். அவர் ஒரேயடியாக நிறுத்தவில்லை. முதலில் இரவு ஊசியை நிறுத்தினார், காலை அளவைக் கிழமைக்குக் கிழமை குறைத்தார், மெற்ஃபோர்மின் என்ற நீரிழிவு மாத்திரையை மட்டும் வைத்திருந்தார். நாளுக்கு நான்கு தடவை விரலில் குத்தி எண்களை எழுதிக்கொண்டு போவேன். (இன்சுலின் போடுகிற யாரும் இதைப் படித்துவிட்டுத் தாமாகவே அளவை மாற்றவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வைத்தியர் பார்த்துத்தான் குறைக்கவேண்டும்.) ஓகஸ்ட் கடைசியில் இன்சுலின் முற்றாக நின்றது. ஐந்து வருடங்களின் பின் ஊசி போடாமல் விடிந்த முதல் காலையில் எதையோ மறந்துவிட்டதைப்போல் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

செப்டெம்பரில் 99. இரண்டு இலக்க எண்ணை நான் பார்த்துப் பதினைந்து வருடங்கள் இருக்கும்.

சாப்பாட்டை மீண்டும் ஒழுங்குபடுத்தினோம். தட்டுக்குப் பதில் தேத்தண்ணிப் பீரிசு. அதில் முதலில் புரதம், பிறகு மரக்கறி, இடம் இருந்தால் சோறு. பிட்டு எனக்கு ஒத்துவரவே இல்லை. உலர்ந்து போய் உள்ளே ஊறிப் பெருத்து நெஞ்சில் கல் வைத்ததைப்போல் அடைக்கும். இடியப்பம் ஒன்று, நிறையச் சொதியோடு, இறங்கும். கீரிமீனை மஞ்சள் போட்டு அவித்து முள் எடுத்துப் பிசைந்தால் நூறு கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் கிடைக்கும். விலையும் கைக்கு அடக்கம். சீனியோ பாணியோ இல்லாத எருமைத் தயிர், அவித்த கடலை, முட்டை, பயறு என்று மாற்றி மாற்றி 65 கிராமை எட்டினேன். சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை. சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் குடிப்பேன். உடனே குடித்தால் உணவைக் கழுவிக்கொண்டு போய்விடும், சீக்கிரம் பசிக்கும். பள்ளிக்கூட இடைவேளை இருபது நிமிடம் என்பதால் இது மிகவும் சிரமமாக இருந்தது. அதிபரிடம் நிலைமையைச் சொல்லி இடைவேளைக்கு அடுத்த பாடவேளையை வெறுமையாக்கிக்கொண்டேன்.

தராசையும் மாதத்தின் முதல் சனிக்கிழமைக்கு ஒத்திவைத்தேன். அதற்குப் பதிலாக வேறு சிலவற்றை அளந்தேன். இடுப்பை அளவு நாடாவால் அளந்தேன். நிறை ஒரு கிலோவும் இறங்காத ஒரு மாதத்தில் இடுப்பு மூன்று சென்ரிமீற்றர் குறைந்திருந்தது. சட்டைகளைத் தைத்துத் தரும் அக்கா, பழைய தையலுக்கு உள்ளே புதுத் தையல் போட்டு, அதற்கும் உள்ளே இன்னொன்று போட்டு, நான்காவது தடவை "இனி இதைப் பிடிக்க ஏலாது புள்ள, புதுத் துணி கொண்டு வாங்க" என்றார். பின்னேரங்களில் கல்லடிப் பாலத்தில் நடந்தேன். ஆரம்பத்தில் பாலத்தின் ஏற்றத்தில் மூன்று இடங்களில் நின்று கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கவேண்டும். பக்கத்தில் 1924ஆம் ஆண்டின் பழைய லேடி மானிங் பாலம். அதன் இரும்புச் சட்டங்களை எண்ணிக்கொண்டு அடுத்த தரிப்பு வரை நடப்பேன். வருட முடிவில் எங்கும் நிற்காமல் நகரப் பக்கம் போய்த் திரும்பினேன்.

இடையில் சறுக்கலும் இருந்தது. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளம் வந்து இரண்டு கிழமைக்கு நடை நின்றது, மீன் கிடைக்கவில்லை, பாணும் பிஸ்கற்றுமாக நாட்கள் போயின. ஒன்றரைக் கிலோ கூடியது. முன்பென்றால் நொறுங்கிப் போயிருப்பேன். இந்தத் தடவை ஏன் கூடியது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஜனவரி நடுப்பகுதிக்குள் அது போய்விட்டது.

2025 ஜூனில் பதினெட்டு மாதங்கள் நிறைந்தபோது 89 கிலோ. ஆக 29 கிலோ குறைந்திருக்கிறது. அன்றிரவு ஒரு தாளில் வகுத்துப் பார்த்தேன்: ஆரம்ப நிறையில் ஏறக்குறைய 25 சதவீதம். ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஒன்று முதல் ஒன்றரை வருடத்தில் சராசரியாக 25 முதல் 30 சதவீதம் வரை குறையும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். நான் தோற்றுவிட்டேன் என்று அழுத காலமெல்லாம் அந்த வழக்கமான எல்லையை நோக்கித்தான் மெதுவாக வந்துகொண்டிருந்திருக்கிறேன். மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.4இலிருந்து 6.5க்கு வந்துவிட்டது. முடி பழைய அடர்த்திக்கு வரவில்லை, ஆனால் நெற்றியோரத்தில் குட்டை குட்டையாக முளைத்திருக்கிறது. மேற்கையில் தோல் தொங்குகிறது. இடது முழங்கால் மழைக்காலத்தில் இன்னும் நோகிறது. விற்றமின், கல்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதும் தொடரும்.

நிறை இங்கேயே நின்றுவிடவும் கூடும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் போனமுறை மறைக்காமல் சொன்னார். பசியைக் குறைக்க கிழமைக்கு ஒரு தடவை போடும் செமாகுளூரைட் ஊசியைச் சேர்த்துப் பார்க்கலாமா என்பதையும் பேசினோம். அதன் விலை என் சம்பளத்துக்குப் பெரிய பாரம். டிசம்பரில் இரண்டு வருடம் நிறைகிறது. அதுவரை இப்படியே போய், அன்றைய இரத்தப் பரிசோதனையையும் இடுப்பளவையும் வைத்து முடிவெடுப்போம் என்று இருவரும் சேர்ந்து கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம்.