எந்தத் தீவு என்று முடிவானால் எந்த அறை என்பதும் முடிவாகிவிடும்

கரீபியன் கப்பல் பயணம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, பால்கனி அறை எடுத்தீர்களா என்பதுதான். மாடி வீட்டு அக்கா கேட்டார், சென்னை எம்.சி. ரோட்டில் என்னோடு துணிக்கடையில் நிற்பவர்கள் கேட்டார்கள், டிராவல்ஸ்காரரும் அதிலிருந்துதான் பேச்சையே ஆரம்பித்தார். நான் சொல்வது, அறையைக் கடைசியில் பாருங்கள். முதலில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் உட்கார்ந்து, எந்தெந்தத் தீவில் இறங்க ஆசை, எதற்காக ஆசை என்று பேசிவிடுங்கள். அது தெளிவானால் எந்தத் துறைமுகத்தில் ஏறுவது, எந்த மாதம் போவது, பால்கனிக்குப் பணம் கொடுக்கலாமா வேண்டாமா எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கரீபியன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் பாதைகள் வேறு வேறு. மயாமி மாதிரி ஃபுளோரிடா துறைமுகத்தில் ஏறினால் மேற்குப் பக்கம் ஒரு சுற்று போகலாம். மெக்ஸிகோவின் கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா எல்லாம் அதில் வரும். கிழக்குப் பக்கம் போனால் பஹாமாஸ், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின். விமானம் தலைக்கு மேலே உரசுகிற மாதிரி இறங்குமே, அந்த மாஹோ கடற்கரை செயின்ட் மார்ட்டினில்தான் இருக்கிறது. மூன்றாவது தெற்குப் பாதை. புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஏறி ஆன்டிகுவா, குவாதலூப், மார்த்தினிக், செயின்ட் லூசியா, பார்படாஸ் என்று சின்னச் சின்னத் தீவுகளாக இறங்கிப் போவது. ஒவ்வொரு கப்பலும் இதில் சிலதைத்தான் தொடும், அதனால் பட்டியலை ஊர் ஊராகப் படிக்க வேண்டும். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கே நேர் விமானம் கிடையாது, துபாயோ தோஹாவோ லண்டனோ மாறித்தான் போக வேண்டும், அதற்கு மேல் சான் ஹுவானுக்கு இன்னொரு விமானம். அவ்வளவு தூரம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நாங்கள் தெற்குப் பாதையைத்தான் எடுத்திருக்கிறோம், இனிமேல்தான் பயணம். அதற்குக் காரணம் எனக்கு ஒன்று, என் வீட்டுக்காரருக்கு ஒன்று.

என் காரணம் கட்டம் போட்ட துணி. குவாதலூப், மார்த்தினிக், செயின்ட் லூசியா தீவுகளில் பெண்களின் மரபு உடைக்கு என்ன துணி தெரியுமா? மெட்ராஸ். பெயரே அதுதான். மஞ்சளும் சிவப்புமாகக் கட்டம் போட்ட பருத்தித் துணி, பாவாடைக்கும் அதுதான், தலையில் கட்டுகிற துணிக்கும் அதுதான். 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பலில் ஏறி அங்கே போன துணி. தலைக்கட்டில் எத்தனை முனை நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை வைத்தே அந்தப் பெண் கல்யாணம் ஆனவளா இல்லையா என்று சொல்லிவிடுவார்களாம். நான் இருக்கிற வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே கம்பெனிக்காரன் ஏற்றுமதிக்கு வாங்கிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால்தான். வடக்கே கொஞ்ச தூரம் போனால் பழவேற்காடு, கட்டம் போட்ட கைலிக்குப் பேர் போன ஊர், அங்கிருந்தும் கைக்குட்டைத் துணி கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை துணியை விரித்தும் மடித்தும் பிழைக்கிற எனக்கு, நம்ம ஊர்ப் பெயரைத் தாங்கிய துணியை இன்னொரு கடற்கரையில் பெண்கள் விழாவுக்கு உடுத்துகிறார்கள் என்று தெரிந்த பிறகு வேறு எந்தத் தீவும் மனதில் ஒட்டவில்லை. செயின்ட் லூசியாவின் காஸ்ட்ரீஸ் சந்தையில் அந்தத் துணி கிடைக்கும். கையில் எடுத்து, இழையைப் பார்த்து, இப்போது எங்கே நெய்து வருகிறது என்று கடைக்காரம்மாவிடம் கேட்க வேண்டும். இதற்கு எந்த டூரும் வேண்டாம், கப்பல் நிற்கிற இடத்திலிருந்து டாக்ஸி பிடித்தால் கொஞ்ச நேரம்தான்.

துணி மட்டும் போகவில்லை, ஆட்களும் போயிருக்கிறார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களை ஏற்றினார்கள். 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் முதல் ஆட்களைக் கொண்டுபோனது ஒரே கப்பல்தான், ஒரேலி என்று பெயர். அதன் பிறகு குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42 ஆயிரம் பேர், மார்த்தினிக்குக்கு சுமார் 25 ஆயிரம் பேர். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள், மாரியம்மனையும் மதுரை வீரனையும் கும்பிடுகிறார்கள். குவாதலூப்பின் காபெஸ்தேர் ஊரில் ஷாங்ஜி கோயில் என்று ஒன்று இருக்கிறது, கோபுரமும் வண்ணச் சிலைகளுமாக. அதே ஊர்க்காரர்தான் ஹென்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சாவளியினருக்கு பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904இலிருந்து 1923 வரை வழக்காடி வாங்கிக் கொடுத்தவர். கொலம்போ என்று ஒரு ஆட்டுக்கறிக் குழம்பு அங்கே வீட்டுக்கு வீடு, கொத்தமல்லி சீரகம் மஞ்சள் வெந்தயம் எல்லாம் போட்டு. ஆடி மாதம் தெருத் தெருவாகக் கூழ் ஊற்றுகிற ஊரிலிருந்து போகிற நான், அந்தக் கோயில் வாசலில் ஒரு கற்பூரம் ஏற்றாமல் கப்பலின் நீச்சல் குளத்தில் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்?

கப்பல் விற்கிற டூர் பட்டியலில் நான் பார்த்தவரை அந்தக் கோயில் இல்லை. அருவி, ரம் ஆலை, கடற்கரை, அவ்வளவுதான். அதனால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனிக் கார். பாய்ன்ட்-ஆ-பீத்ர் துறைமுகத்திலிருந்து நெடுஞ்சாலையிலேயே போகிற தூரம், போய் வர அரை நாள் தாராளம். திரும்பி வந்ததும் நேரம் இருந்தால் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே மெமோரியல் ஆக்ட் என்கிற அருங்காட்சியகம், அடிமை வணிகத்தின் வரலாறு சொல்வது, 2015இல் திறந்தது. ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால்தான் முழுக்கதையும் புரியும்.

இவருடைய காரணம் கிரிக்கெட். பார்படாஸின் பிரிட்ஜ்டவுனில் கென்சிங்டன் ஓவல் மைதானம் கப்பல் நிற்கிற இடத்துக்குப் பக்கம்தான். 2024 ஜூன் 29 அன்று தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் ஜெயித்து நாம் டி20 உலகக் கோப்பை வாங்கிய மைதானம். சூர்யகுமார் எல்லைக் கோட்டில் பிடித்த அந்த கேட்ச்சுக்கு அன்றைக்கு எங்கள் தெருவில் வெடித்த சரவெடி இன்னும் காதில் இருக்கிறது. "அந்தக் கயிறு போட்ட இடத்துல ஒரு நிமிஷம் நின்னா போதும்மா" என்கிறார். உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே மைதானத்துக்கு மெயில் போட்டுக் கேட்டிருக்கிறோம், விடவில்லை என்றாலும் வெளியே கேரி சோபர்ஸ் சிலை இருக்கிறது. ஆன்டிகுவாவில் கப்பலிலிருந்து நடந்தே பழைய ரெக்ரியேஷன் கிரவுண்டுக்குப் போய்விடலாம். 1994இல் வெஸ்ட் இண்டீஸ் வீரர் லாரா 375 அடித்ததும் 2004இல் 400 அடித்ததும் அங்கேதான். இதற்கெல்லாம் டூர் டிக்கெட் எடுத்தால் அது வீண் செலவு.

சரி, இப்போது அறைக்கு வருகிறேன். மேற்குப் பாதையில் போனால் நடுக்கடலிலேயே முழு நாள் இரண்டு மூன்று வரும். அப்போது பால்கனி வேண்டும், அதில் உட்கார்ந்து காபி குடிக்கலாம், பேசலாம், அந்தப் பணம் வீண் போகாது. தெற்குப் பாதையில் அப்படி இல்லை. பெரும்பாலான நாட்கள் விடிந்தால் ஒரு தீவு, சாயந்திரம் திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் அடுத்த தீவு. பால்கனியில் உட்காரவே நேரம் கிடைக்காது. ஜன்னலே இல்லாத உள் அறை எல்லாவற்றையும் விட விலை குறைவு, ஆனால் விளக்கை அணைத்தால் பகலா இரவா என்றே தெரியாது, அது எனக்கு மூச்சு முட்டும். அதனால் நடுவில் ஒன்று, திறக்க முடியாத பெரிய ஜன்னல் வைத்த அறை. பால்கனியை விட்டதில் மிஞ்சிய பணம்தான் குவாதலூப் காருக்குப் போகிறது. இவருக்குப் பால்கனி ஆசை கொஞ்சம் இருந்தது, கணக்குப் போட்டுக் காட்டியதும் சரி என்றுவிட்டார்.

வகையை விட முக்கியம், அந்த அறை கப்பலில் எங்கே இருக்கிறது என்பது. காசிமேட்டில் லாஞ்சில் கடலுக்குப் போகிற சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் எந்தக் கப்பல், எத்தனை அடுக்கு என்று எதுவும் கேட்கவில்லை. "நடுவுல படு கண்ணு, கீழ படு. அணியத்துல தூக்கித் தூக்கிப் போடும், மேல போகப் போக ஆட்டம் ஜாஸ்தி" என்றார். அணியம் என்றால் முன்பக்கம். பெரிய கப்பலுக்கும் அதே விதிதான். கீழ் டெக்கில், அதாவது கீழ் அடுக்கில், நீளவாக்கில் நடுவில் இருக்கிற அறைக்குத்தான் ஆட்டம் குறைவு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தப் பக்கம் கிழக்குக் காற்று வலுவாக இருக்கும், பஸ்ஸில் போனாலே தலை சுற்றுகிறவர்கள் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

அப்புறம் டெக் பிளான் என்கிற அடுக்கு வரைபடத்தைத் திறந்து, நீங்கள் எடுக்கிற அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் அறைகளே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல் குளமோ பஃபேயோ இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கிற சத்தம், கீழே நாடக அரங்கோ பாட்டுக் கச்சேரியோ இருந்தால் நடுராத்திரி வரை டமடம. முன்பக்கக் கீழ் அறைகளில் இன்னொரு தொல்லை உண்டு, கப்பல் கரை சேரும்போது பக்கவாட்டில் நகர்த்துகிற இயந்திரத்தின் அதிர்வு அங்கேதான் கேட்கும், தினமும் ஒரு துறைமுகம் என்றால் தினமும் அதிகாலையில் அலாரம் வைத்த மாதிரி. பக்கத்து அறைக்குக் கதவு வைத்து இணைத்த அறையும் வேண்டாம், அந்தக் கதவு வழியாகப் பேச்சு முழுக்கக் கேட்கும். ஜன்னலுக்கு எதிரே உயிர்காப்புப் படகு தொங்கினால் விலை குறைத்துத் தருவார்கள், ஆனால் கடலுக்குப் பதில் படகின் வயிற்றைத்தான் பார்க்க வேண்டும். கேரண்டி என்று ஒன்று சொல்வார்கள், வகையை மட்டும் நாம் சொல்லி அறை எண்ணைக் கம்பெனியே கடைசியில் கொடுப்பது. விலை குறையும்தான், ஆனால் நடு அறை வேண்டும் என்கிறவர்களுக்கு அது சரிப்படாது. கட்டில் ஒன்றாகச் சேர்த்ததா தனித்தனியா என்பதையும் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கிற விலை ஒரு ஆளுக்கு. துறைமுக வரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், கப்பல் ஊழியருக்கான டிப்ஸ் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 15 டாலருக்கு மேல் தனி. இதையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகுதான் பால்கனியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

டூர் எடுப்பதில் என் கருத்து இது. தூரம் அதிகம், வழி தெரியாது, தாமதமானால் கப்பலைத் தவற விடலாம் என்கிற இடத்துக்குக் கப்பல் நடத்துகிற டூரில் போங்கள், அதில் போனவர்கள் வர நேரமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அவர்களே அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சொந்தமாகக் கார் பிடித்துப் போனால் யாரும் காத்திருக்க மாட்டார்கள், அதனால் கப்பல் கிளம்புகிற நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்துக்கு வந்துவிட வேண்டும். டூர் விவரத்தில் மொத்த நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். கோசுமெலில் இறங்கி துலும் என்கிற பழைய மாயா நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கிற டூர் முழு நாள் என்று போட்டிருக்கும், ஆனால் படகில் கடலைத் தாண்டி, பஸ்ஸில் உட்கார்ந்து, திரும்பி வருவதற்கே பாதி நாள் போய்விடும். முட்டி வலி இருப்பவர்கள் ஜமைக்காவின் டன்ஸ் ரிவர் அருவியைப் படத்தில் பார்த்து மயங்க வேண்டாம், ஓடுகிற தண்ணீரில் பாறை மேல் பாறையாக ஏற வேண்டும். இன்னொன்று கடிகாரம். கோடையில் மயாமிக்கும் கோசுமெலுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும், கப்பல் நேரமா ஊர் நேரமா என்று குழம்பித்தான் பலர் ஓடி வருகிறார்கள். சான் ஹுவானிலிருந்து பார்படாஸ் வரை நாங்கள் போகிற தீவுகள் எல்லாவற்றுக்கும் வருஷம் முழுக்க ஒரே நேரம், அந்தக் கவலை இல்லை.

மாதம் என்று பார்த்தால் அங்கே புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை உச்சம். வருஷா வருஷம் புயல் எச்சரிக்கையோடு வாழ்கிற எங்களுக்கு இன்னொரு புயலுக்குக் காசு கொடுத்துப் போக மனமில்லை, ஏப்ரல் என்று வைத்திருக்கிறோம்.

விசா விஷயத்தில் மட்டும் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். சான் ஹுவான் அமெரிக்க எல்லை, அங்கே ஏறி வேறு நாடுகளுக்குப் போய் மறுபடி அங்கேயே இறங்குவதால் பலமுறை நுழையக்கூடிய அமெரிக்க விசா வேண்டும். குவாதலூப்பும் மார்த்தினிக்கும் பிரான்ஸைச் சேர்ந்தவை, ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா என்கிற ஷெங்கன் பகுதியில் சேராதவை, அதனால் ஷெங்கன் விசா இருக்கிறதே என்று நினைத்துவிடக் கூடாது. தீவுக்குத் தீவு விதி வேறு. எங்கள் டிராவல்ஸ்காரர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்றார். பட்டியலை எடுத்துக்கொண்டு போய் மேஜை மேல் வைத்து, ஒவ்வொரு தீவுக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டில் கப்பல் பயணியாக இறங்க என்ன வேண்டும் என்று கப்பல் கம்பெனியிடமிருந்து மெயிலில் வாங்கித் தரச் சொன்னேன். அந்த மெயில் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணத்தைக் கட்டுவது என்று இருக்கிறோம்.