புகாட்டி ராயல் 41121: கைமாறிய வரலாறும் காரின் நிலையும்

பழைய சொகுசுக் கார் ஒன்றை மதிப்பிடுகிறவர்கள் அதன் உரிமையாளர் வரலாற்றைத் தனியாகவும் இப்போதைய நிலையைத் தனியாகவும் பார்ப்பது வழக்கம். ஒருவர் ஆவணக் கோப்பைப் புரட்டுவார். இன்னொருவர் காருக்கு அடியில் விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்ப்பார். இரண்டும் ஒன்றே என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையை எனக்குத் தந்தது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் நகரின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் புகாட்டி டைப் 41 ராயல், சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) எண் 41121.

புகாட்டி நிறுவனத்தை நிறுவிய எட்டோரே புகாட்டி இந்த வகைக் காரை மன்னர்களுக்காகவே உருவாக்கினார். இருபத்தைந்து கார்கள் செய்யத் திட்டமிட்டார். ஆனால் உலகப் பொருளாதார மந்தம் குறுக்கிட்டது. எந்த மன்னரும் வாங்கவில்லை. அந்தக் காலத்தில் வெளியாருக்கு விற்றவை மூன்றே மூன்று. இன்று இருப்பவை ஆறு. வரிசையாக எட்டு சிலிண்டர்களும் சுமார் 12.7 லிட்டர் கொள்ளளவும் கொண்ட எஞ்சின், பின் அச்சோடு சேர்ந்தே அமைந்த மூன்று வேக கியர்பாக்ஸ், ரேடியேட்டர் மூடியின் மேல் துதிக்கையை உயர்த்திப் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் யானை என எல்லாமே பெரிய அளவில் எண்ணிச் செய்தவை. அந்த யானை, எட்டோரேயின் மறைந்த தம்பியும் சிற்பியுமான ரெம்பிராண்ட் புகாட்டி வடித்தது.

41121-இன் முதல் உரிமையாளர் யோசெஃப் ஃபூக்ஸ் என்ற ஜெர்மன் மகப்பேறு மருத்துவர். அக்காலத்து உயர்தரக் கார்கள் பலவற்றைப் போலவே இதற்கும் சேசிஸை ஓர் இடத்தில் வாங்கி, பாடியை வேறோர் இடத்தில் கட்டினார்கள். மியூனிக் நகரின் லுட்விக் வைன்பெர்கர் பட்டறை இதற்குத் திறந்த கூரையுள்ள பாடியைக் கட்டி, கறுப்பும் மஞ்சளுமாக வண்ணம் தீட்டி 1932-இல் ஒப்படைத்தது. பின்னர், ஜெர்மனியில் அரசியல் நிலைமை மோசமானபோது ஃபூக்ஸ் நாட்டைவிட்டு வெளியேறினார். கார் அவரோடு ஷாங்காய்வரை போனது. அங்கிருந்து நியூயார்க் சேர்ந்தது. நாடு நாடாக இடம்பெயரும் ஒருவர் ஆறு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரு காரைக் கைவிடாமல் கூடவே கொண்டுசென்றார் என்பதே அதன்மேல் அவர் வைத்திருந்த பற்றைக் காட்டுகிறது.

நியூயார்க்கின் குளிர்காலம்தான் இந்தக் காரின் நிலையை நிரந்தரமாக மாற்றியது. எஞ்சினுக்குள் இருந்த தண்ணீர் உறைந்து, சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பான பிளாக்கில் விரிசல் விட்டது. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் கூடுகிறது. வார்ப்பிரும்பால் அந்த அழுத்தத்துக்கு வளைந்துகொடுக்க முடியாது. வேறு காராக இருந்தால் பிளாக்கின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிட்டுப் பழுதைப் பார்த்திருக்கலாம். ராயல் எஞ்சினிலோ பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. வால்வுகளைத் தேய்த்துச் சீராக்க வேண்டுமானால்கூட எஞ்சினை முழுதாகப் பிரித்து, கிராங்க் ஷாஃப்டை வெளியே எடுத்தாக வேண்டும். ஆகவே இந்த ஒரு விரிசல், மாற்றுப் பாகம் எங்கும் கிடைக்காத ஒரு காரைப் பழைய இரும்பின் விலைக்கு இறக்கிவிட்டது. அது பிராங்க்ஸ் பகுதியிலிருந்த ஒரு காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. போருக்காக இரும்பு திரட்டி உருக்கிய ஆண்டுகள் அவை என்பதை நினைத்தால், இது தப்பியதே பெரிது.

சார்லஸ் செய்ன் 1943-இல் சுமார் 400 டாலருக்கு அதை வாங்கினார். அவர் அப்போது ப்யூக் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் துணைத் தலைவர்களில் ஒருவரானார். போர் முடிந்தபின் அவர் எஞ்சினைச் சீராக்கிக் காரை மீண்டும் ஓடவைத்தார். ஆனால் ஒரு பொறியாளரின் கண்ணோடுதான் அதைச் செய்தார். எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் ஒற்றைக் கார்புரேட்டர் இருந்த இடத்தில் நான்கு கார்புரேட்டர்களைப் பொருத்தினார். கம்பிவடத்தால் இயங்கிய பிரேக்குகளை ஹைட்ராலிக் பிரேக்குகளாக மாற்றினார். கறுப்பு மஞ்சளை நீக்கி, சிப்பி வெண்மையும் கரும்பச்சையுமாக வண்ணம் தீட்டவைத்தார். ஓட்டிப் பார்த்து அனுபவித்த பிறகு, 1950-களின் பிற்பகுதியில் அவரும் மனைவியும் காரை அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள்.

கார் பட்டறையிலிருந்து வெளிவந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று கருதுபவர்களுக்கு இந்த மூன்று மாற்றங்களும் மூன்று குறைகளாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நான்கு கார்புரேட்டர்களும் செய்ன் என்ற உரிமையாளர் இருந்ததற்கு உலோகத்தில் உள்ள ஆவணம். காகிதத்தில் அவர் பெயர் ஒரு வரிதான். காரில் அவர் எண்ணியதும் விரும்பியதும் பார்க்கக் கிடைக்கின்றன. எந்த மாற்றத்தை யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்று தெரிந்திருக்கும்வரை அதைச் சேதம் என்று எழுதக் கூடாது. யார் செய்தார் என்றே தெரியாத மாற்றம்தான் கவலைக்குரியது; பளபளக்கும் புதுப் பெயிண்டுக்கு அடியில் வரலாறு இல்லாத வெல்டிங் இருந்தால், அந்தக் காரின் கோப்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை.

இதே குடும்பத்தின் மற்ற கார்களையும் பார்த்தால், சேசிஸ் எண்ணை மட்டும் நம்பி ஒரு காரை அடையாளம் காண்பது எவ்வளவு சிக்கல் என்பது விளங்கும். 41100 என்ற எண் கொண்ட முதல் ராயல், தொடக்கத்தில் பேக்கார்டு என்ற அமெரிக்கக் காரின் பாடியோடு ஓடியது. பிறகு பல பாடிகள் மாறின. 1931-இல் எட்டோரே ஓட்டும்போது விபத்தில் சிக்கி, திரும்பக் கட்டப்பட்டு, அதே எண்ணைச் சுமந்துகொண்டு இன்று பிரான்சின் முல்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் ‘கூப்பே நெப்போலியன்’ என்ற பெயரில் நிற்கிறது. 41111-ஐ வாங்கிய துணி வணிகர் அர்மாண்ட் எஸ்டெர்ஸ், இரவில் ஓட்டப்போவதில்லை என்று சொல்லி முகப்பு விளக்கே இல்லாமல் செய்துகொண்டார். அடுத்த உரிமையாளர் அந்தத் திறந்த பாடியைக் கழற்றிவிட்டு, பிந்தர் பட்டறையில் மூடிய பாடி கட்டிக்கொண்டார். எஸ்டெர்ஸ் பாடியின் மறுவடிவம் இன்று முல்ஹவுஸில் இருக்கிறது. எண்ணுக்கு உரிய சேசிஸ் பிந்தர் பாடியோடு வேறிடத்தில் இருக்கிறது. இரண்டையும் நான் விரும்புகிறேன். ஆனாலும், ஒரு பாடி மொத்தமாகப் போனதும் கார்புரேட்டர் மாறியதும் ஒரே தராசில் நிறுக்கக்கூடியவை அல்ல. கெல்னர் பட்டறை கட்டிய பாடியுள்ள 41141 இதற்கு நேர்மாறு: போர்க்காலத்தில் பிரான்சின் எர்மனோன்வீலில் இருந்த புகாட்டி குடும்பத்தின் வீட்டில் சுவர் எழுப்பி மறைத்துவைத்த மூன்று ராயல்களில் ஒன்றாக, தன் பாடியை மாற்றாமலே இருந்து, 1987-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 55 லட்சம் பவுண்டுக்கு விற்றது.

41121-ஐக் கறுப்பு மஞ்சளுக்கே திருப்பிவிட வேண்டும், ஒற்றைக் கார்புரேட்டரைத் தேடிப் பொருத்த வேண்டும் என்று யாரேனும் கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். வைன்பெர்கர் கட்டிய பாடி அதன்மேல் இன்னும் இருக்கிறது. ஃபூக்ஸ் அமர்ந்து ஓட்டிய கார் இது என்பதற்கு அது போதும். ஃபூக்ஸ் காலத்து வண்ணத்தைக் காட்ட, படங்களும் விளக்கக் குறிப்பும் காரின் அருகில் இருந்தால் போதுமானது. செய்ன் பூசவைத்த வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் 1943-க்குப் பிறகு நடந்த எதையும் அந்த உடலில் படிக்க முடியாமல் போகும். காயலான் கடையில் கிடந்த காருக்கு இன்றைய நிலையைத் தந்தது அந்த ஆண்டுக்குப் பின் நடந்த வேலைதான்.