ஆறு தந்தங்கள் உள்ள யானை

எமெய் மலைக்காட்டில் யானை கிடையாது. குரங்கு உண்டு, மூங்கில் உண்டு, வருடத்தில் பாதி நாள் மூடுபனி உண்டு. ஆனாலும் சீனாவின் சிச்சுவான் மாகாணத்து இந்த மலையில் ஏறினால் கிடைப்பது பெரும்பாலும் யானை தரிசனம்தான். சீனப் பௌத்தர்களின் நான்கு புனித மலைகளில் இது சமந்தபத்திர போதிசத்துவருக்கு உரியது. போதிசத்துவர் என்றால் புத்தராகும் வழியில் இருப்பவர். அவர் வாகனம் ஆறு தந்தம் கொண்ட வெள்ளை யானை.

அம்மாவும் நானும் முதலில் பார்த்தது பத்தாயிரம் ஆண்டுக் கோயில் என்று பொருள்படும் வான்னியென் கோயில். 1946இல் தீப்பிடித்துக் கோயிலின் பெரும்பகுதி போய்விட்டது. தப்பியது மிங் அரச வம்சக் காலத்துச் செங்கல் மண்டபம். அதில் மர உத்தரமே கிடையாது. கீழே சதுரம், மேலே கவிழ்த்த சட்டி மாதிரி வட்டக் கூரை. பூமி சதுரம், வானம் வட்டம் என்பது சீனர்கள் கணக்கு. உள்ளே, 980ஆம் ஆண்டில் வார்த்த வெண்கலச் சமந்தபத்திரர். உயரம் 7.85 மீட்டர், எடை 62 டன். யானையின் நான்கு பாதத்துக்கும் தனித்தனித் தாமரை.

அம்மா போதிசத்துவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று தந்தங்களை எண்ணி முடித்துவிட்டு, நெற்றியில் குட்டிக்கொண்டாள். பக்கத்தில் ஊதுபத்தியோடு நின்ற சீனப் பாட்டி ஒருத்தி அதை உற்றுப் பார்த்துவிட்டுத் தானும் மெல்லக் குட்டிக்கொண்டாள். பிறகு மூன்று பத்தியை அம்மா கையில் கொடுத்து, நான்கு திசைக்கும் கும்பிடச் சொல்லிக் காட்டினாள். நிலைப்படியை மிதிக்கக் கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வழியில் மூங்கில் நாற்காலியில் ஆளைத் தூக்கிப் போகிறார்கள், நம் ஊர் டோலிதான். அம்மாவின் முட்டியை நினைத்துக் கேட்டேன். "சோளிங்கரையே நடந்து ஏறினவடா நான்" என்றாள். சற்று மேலே ஒரு தடிக்குரங்கு அவள் பையை ஜிப்போடு பிடுங்கி, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு பையை வீசியது. "சோளிங்கர்க் குரங்கே தேவலை" என்றாள். அதற்குப் பிறகு பேருந்து, கேபிள் கார். கோயில் சாப்பாடு சுத்த சைவம், ஆனால் சிச்சுவான் மிளகு நாக்கை மரக்க வைத்துவிடும். அம்மாவுக்குத் தயிர் ஞாபகம் வந்தது.

3,077 மீட்டர் உயரத்துப் பொன் சிகரத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சூரியன் முதுகுப் பக்கமும் மேகம் காலடியிலும் இருந்தால், நம் நிழலைச் சுற்றி ஒரு வண்ண வளையம் விழும். புத்தர் ஒளி என்பார்கள். அந்த ஒளி அழைக்கிறது என்று நம்பி, பழைய காலத்தில் பாறை விளிம்பிலிருந்து குதித்தவர்களும் உண்டாம். இப்போது அங்கே தடுப்புச் சங்கிலி. அதில் ஜோடிகள் மாட்டிய பூட்டுகள், பனி கோத்துச் சொட்டிக்கொண்டிருந்தன.

எங்களுக்கு வளையம் கிடைக்கவில்லை. 48 மீட்டர் உயரத்துப் பத்து முகச் சமந்தபத்திரர் எதிரே நிற்கிறார் என்பதைக்கூட நம்பிக்கையில்தான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. படிக்கட்டின் இருபுறமும் வெள்ளை யானைகள் மட்டும் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. ஒரு நொடி மேகம் கிழிந்து, மேலே தங்க முகம் ஒன்று தெரிந்து மறைந்தது. நான் "அம்மா!" என்று கத்தினேன்.

அவள் நான்காவது யானையின் தந்தங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.