எச்சில் டப்பா

காசநோய்க்கான சளிப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. திங்கட்கிழமை, வாசலில் நல்ல கூட்டம். தையல்காரர் ஒருவர் நீட்டிய டப்பாவில் நுரைத்த எச்சில்தான் இருந்தது. "மூச்சை நன்றாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்புங்கள் அண்ணே" என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் கொண்டுவந்ததும் அதே லட்சணம்.

ஸ்லைடில் தடவிக் காயவைத்து, கார்பால் ஃபக்சின் என்ற சிவப்புச் சாயம் ஊற்றி ஆவி பறக்கச் சூடாக்கி, அமிலத்தில் கழுவி, மெத்திலின் நீலம் ஏற்றினேன். காசநோய்க் கிருமிக்கு மெழுகு உறை. ஏறிய சிவப்பை அமிலத்துக்கும் விட்டுக்கொடுக்காது. மற்றதெல்லாம் நீலமாகிவிடும். ராபர்ட் கோக் 1882இல் கிருமியை அறிவித்த ஓரிரு ஆண்டுகளுக்குள் உருவான உத்தி, இன்றும் பெரிதாக மாறவில்லை. நுண்ணோக்கியில் ஒரு பார்வைக்குள் தெரியும் வட்டம்தான் ஃபீல்டு. அப்படி நூறு ஃபீல்டு பார்க்க வேண்டும் என்பது விதி. பார்த்தேன். எல்லாம் நீலம். 'நெகட்டிவ்' என்று எழுதினேன். பொய்யில்லை, அந்த எச்சிலில் கிருமி தென்படவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அவரே வந்தார். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. அவரே அளவெடுத்துத் தைத்ததாகத்தான் இருக்கும். இம்முறை வேப்பமரத்தடியில் கால் மணி நேரம் கூடவே நின்று இருமவைத்தேன். கெட்டியான மஞ்சள் சளி வந்தது. மூன்றாவது ஃபீல்டிலேயே சிவப்புக் குச்சிகள். இரண்டு பிளஸ், அதாவது கிருமி நிறையவே இருந்தது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. குழந்தைக்குத் தடுப்பாக ஐசோநியாசிட் என்ற காசநோய் மருந்தைக் கொடுத்தார்கள்.

"ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமா?" என்று கேட்டார். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம் என்றேன். அப்படிச் சொல்லும் தைரியம் சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு கொடுத்தது. சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்துச் சிலருக்கும் வீட்டில் விட்டுச் சிலருக்கும் ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். குணமாவதில் பெரிய வித்தியாசமில்லை என்று 1959இல் வெளியிட்டார்கள். மாத்திரை தொடங்கிய மறுநாளே, சிறுநீர் சிவந்து போகிறதென்று பதறி ஓடிவந்தார். மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம்தான், மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்பதற்குச் சாட்சி என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது மரபணுவைப் பார்க்கும் கருவி வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் முடிவு. ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். நுண்ணோக்கிக்கு ஒரு மில்லி சளியில் ஆயிரக்கணக்கில் கிருமி வேண்டும், இதற்கு நூற்றுச் சொச்சம் போதும். இருந்தாலும் எச்சில் டப்பா வந்தால், எவ்வளவு கூட்டமானாலும், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். மரத்தடியில் போய் நில் என்றால் புதிதாகச் சேர்ந்த தம்பி முகம் சுளிக்கிறான். தையல்காரரைப் பற்றி அவனிடம் இன்னும் சொல்லவில்லை.