அப்பாவின் ஈ.ஈ.ஜி. பதிவுகள்

ஒரே கேள்வியை அரை மணி நேரத்துக்குள் மூன்று முறை கேட்கத் தொடங்கியிருந்த அப்பாவைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவர், இது லேசான அறிதிறன் குறைபாடு, மறதிநோயாக முற்றவும் கூடும், முற்றாமல் இப்படியே நிற்கவும் கூடும் என்றார். ஆண்டுதோறும் நினைவுத்திறன் தேர்வோடு, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி.யும் எடுத்து, அவருடைய பழைய பதிவோடு ஒப்பிட்டு வருவது என்று முடிவாயிற்று.

முதல் பதிவின்போது, மூக்கின் மேற்குழியிலிருந்து பின்மண்டை மேடு வரை அளவுநாடா பிடித்து, 10, 20 விழுக்காட்டுத் தொலைவுகளில் பென்சிலால் புள்ளியிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் நறநறவென்ற பசையைத் தேய்த்து மின்முனைகளை ஒட்டினார்கள். பதிவு நேரத்தைவிட இதற்கே அதிக நேரம் பிடித்தது. அப்பா கண்களை மூடியதும் பின்மண்டைக் கோடுகளில் ஒழுங்கான ஆல்ஃபா அலைகள் எழுந்தன, திறந்ததும் அடங்கின. 1929இல் ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே அறியப்பட்ட இயல்பு அது. நொடிக்கு 8 முதல் 13 முறை (ஹெர்ட்ஸ்) வரை இருக்க வேண்டிய அந்த அலை அப்பாவுக்கு 9.5 ஹெர்ட்ஸ் இருந்தது. காலப்போக்கில் அது வேகம் குறைகிறதா, 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான தீட்டா அலைகள் பெருகுகின்றனவா என்பதைத்தான் கவனிக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

இரண்டாம் ஆண்டு அறிக்கையில் 8 ஹெர்ட்ஸ் என்றும் தீட்டா கூடியிருக்கிறது என்றும் இருந்ததைப் படித்துவிட்டு, மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. அவரோ எண்களை விட்டுவிட்டு அலைகளையே பக்கம் பக்கமாகப் புரட்டி, முன்நெற்றி மின்முனைகளில் மெல்ல ஏறி இறங்கும் கோடுகளைக் காட்டி, "இவை கண்விழிகள் உருளும் தடங்கள். இந்த இடத்தில் இவர் அரைத்தூக்கத்தில் இருந்திருக்கிறார்" என்றார். யோசித்தால், முந்தைய இரவு சளிக்காக ஒரு மாத்திரை கொடுத்திருந்தேன். அதுவே தூக்கம் வரவழைக்கக்கூடியது. பதிவோ மதிய உணவுக்குப் பின். பதிவு செய்தவரும் அவரை எழுப்பவில்லை. தூக்கக் கலக்கத்தில் யாருக்குமே ஆல்ஃபா தளர்ந்து தீட்டா பெருகும். அதைச் சொல்லாத அறிக்கையின் மேல் எனக்கு இன்னமும் கோபம் உண்டு.

இரண்டு வாரம் கழித்துக் காலையில் மறுபடி எடுத்தபோது 9.3 இருந்தது. அதன்பின், தூங்கிய நேரம், சாப்பிட்ட மாத்திரைகள், பதிவான மணி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து, ஒவ்வொரு முறையும் பதிவறையில் முதலில் அதையே நீட்டுகிறேன்.

மூன்றாம் ஆண்டு, அவ்வப்போது "ஐயா, விழித்திருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்த பதிவில் 8.7 வந்தது. ஐந்து சொற்களைச் சிறிது நேரம் கழித்து நினைவுகூரும் தேர்வில், முன்பு மூன்றைச் சொன்ன அப்பா இம்முறை இரண்டைத்தான் சொன்னார். இரண்டும் ஒரே திசையில் நகர்ந்திருப்பதால் இதை ஒதுக்க முடியாது, ஆனால் இதை மட்டும் வைத்து மறதிநோய் என்றும் சொல்ல முடியாது என்று கூறி, அடுத்த பதிவை ஓராண்டுக்குப் பதிலாக ஆறு மாதத்தில், அதே காலை வேளையில் குறித்துக் கொடுத்திருக்கிறார் மருத்துவர்.