ஆறு படைவீட்டுக்கும் சைக்கிளில் ஒரு வேண்டுதல்

அம்மாவின் பூஜை அலமாரியில், தணிகை முருகன் படத்துக்குப் பின்னால், ஒரு மஞ்சள் துணி முடிச்சு பல வருஷமாக இருந்தது. உள்ளே ஒரு ரூபாய்க் காசு. 2011-ல் லாரி தட்டி வலது தொடை எலும்பு முறிந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முடிந்து வைத்தது. தொடைக்குள் கம்பி வைத்திருந்தார்கள். இனிமேல் காலை மடக்கி உட்காருவதே கஷ்டம் என்று யாரோ அம்மாவின் காதில் போட்டுவிட்டார்கள். நேரே வீட்டுக்கு வந்தவள், மஞ்சள் கரைத்துத் துணியை நனைத்துக் காசை முடிந்து, "என் பிள்ளை கால் மடங்கி சைக்கிள் மிதிச்சான்னா, உன் ஆறு வீட்டுக்கும் சைக்கிள்லயே வருவான்" என்று வேண்டிக்கொண்டாள்.

கால் மடங்கியது. ஒன்றரை வருஷத்தில் சைக்கிளும் மிதித்தேன். வேண்டுதல் மட்டும் பாக்கி நின்றது. வேலை, பிள்ளைகள் படிப்பு, வீடு கட்டின கடன் என்று ஒவ்வொரு தையும் தள்ளிப் போனது. எங்கள் அரக்கோணத்திலிருந்து திருத்தணி முக்கால் மணி நேர சைக்கிள் தூரம்தான். கிருத்திகை தவறாமல் போய் வருவோம். போன ஆடிக் கிருத்திகைக்கு அம்மா படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். 76 வயது. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அவன் கணக்கு வெச்சுக்க மாட்டான்டா. நான் வெச்சிருக்கேன்." அன்று ராத்திரி தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஊர் பேர்களை எழுத ஆரம்பித்தேன்.

எந்த வீட்டில் தொடங்குவது என்பதுதான் முதல் கேள்வி. நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் பரங்குன்றத்தில் தொடங்கி, சீரலைவாய், ஆவினன்குடி, ஏரகம், குன்றுதோறாடல் என்று போய்ப் பழமுதிர்சோலையில் முடிக்கிறார். ஆற்றுப்படை என்றாலே வழி சொல்லி அனுப்புவதுதானே, அவர் சொன்ன வரிசையிலேயே போகலாம் என்று ஆசைப்பட்டேன். கணக்குப் போட்டால் மதுரையிலிருந்து செந்தூர், அங்கிருந்து பழனி, சுவாமிமலை, திருத்தணி, மறுபடி மதுரை என்று வருகிறது. கம்பி வைத்த கால் அதற்குத் தாங்காது. அம்மாதான் முடித்து வைத்தாள். "நான் வேண்டிக்கிட்டது தணிகை மலை இருக்கிற திக்கைப் பார்த்து. அங்கேர்ந்து கிளம்பு. கடல்ல போய் முடி." சரி, அதுவே வடக்கிலிருந்து தெற்காக நேர்வழியாகவும் அமைந்தது. திருத்தணி, சுவாமிமலை, பழனி, பழமுதிர்சோலை, திருப்பரங்குன்றம், திருச்செந்தூர். சுமார் 900 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 75 வீதம் 12 நாள்.

மாதம் குறித்ததில் காற்றுக்கும் பங்கு உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பழனிப் பக்கம் மேற்கிலிருந்து முகத்தில் அறையும். எதிர்காற்றில் 60 கிலோமீட்டர் மிதிப்பதும் 120 மிதிப்பதும் ஒன்று. தையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். நாம் தெற்கேயும் மேற்கேயும் போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். தைப்பூசத்துக்கு நடப்பவர்களும் வழியெல்லாம் இருப்பார்கள், துணைக்குத் துணை.

சைக்கிளைப் பொறுத்தவரை புதிதாக எதுவும் வாங்கவில்லை, இருந்த கியர் வண்டியையே எங்கள் தெரு சைக்கிள் கடை பாயிடம் ஓவராயிலிங்குக்கு விட்டேன். பின் வீல் கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்றி, செயினும் புதுசு போட்டுக் கொடுத்தார். எங்கே போகிறேன் என்று கேட்டவர், "முருகன்கிட்ட போற வண்டி, கூலி வேணாம், சாமானுக்கு மட்டும் குடுங்க தம்பி" என்றார். இரண்டு டியூப், பஞ்சர் சாமான், கைப்பம்பு, நாலு ஸ்போக்ஸ் கம்பி எல்லாவற்றையும் அவரே ஒரு பையில் கட்டிக் கேரியரில் இறுக்கினார். அந்தப் பையில் அவர் போட்டுக் கொடுத்த ஒரு சாமான்கூட வீண் போகவில்லை.

கார்த்திகைக் கடைசியில் மாலை போட்டேன். டிசம்பர் 31 ராத்திரி திருத்தணியில், வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்த திருப்படித் திருவிழாவில், திருப்புகழ் பாடிக்கொண்டு போகும் கூட்டத்தோடு 365 படியும் ஏறினேன். கால் என்ன சொல்கிறது என்று பார்க்கத்தான். வலித்தது, ஆனால் நிற்கவில்லை. உத்தரவு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

தை பிறந்து நாலாம் நாள் விடியற்காலை, தணிகையில் நடை திறந்ததும் விசுவரூப தரிசனம் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். மஞ்சள் முடிச்சை அம்மா என் சட்டைப்பைக்குள் வைத்து ஊக்கு குத்தி அனுப்பினாள்.

காஞ்சிபுரம், வந்தவாசி, திண்டிவனம் வரை சொல்ல ஒன்றுமில்லை, உடம்பு புதிதாக இருந்தது. பண்ருட்டிக்கு அப்புறம் சாலையில் கண்ணைத் திறக்க முடியாத புழுதி. வடலூர் வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. தருமசாலையில் சாப்பிட உட்கார்ந்தேன். 1867-ல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை. சென்னையில் சின்னப் பையனாக இருந்தபோது கண்ணாடியில் தணிகை முருகனைக் கண்டவரல்லவா அவர்? தணிகையிலிருந்து கிளம்பினவனுக்கு அவர் வீட்டில் முதல் சோறு. இப்படி அமையும் என்று நான் எழுதின தாளில் இல்லை. இலையில் சாம்பார் சாதம் விழுந்ததும் கண் கலங்கிவிட்டது.

நாலாம் நாள் சாயங்காலம் சுவாமிமலை. 60 படி, 60 தமிழ் வருஷம். நான் பிறந்த வருஷத்துப் படியில் ஒரு நிமிஷம் நின்றேன். தகப்பனுக்கே உபதேசம் செய்தவன் முன்னால் என்ன கேட்பது? ஒன்றும் கேட்கவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை நேரம். சாலையில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். சைக்கிள் டயர் அதில் ஏறினால் வழுக்கும், இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். கஷ்டம் எல்லாம் திருச்சி தாண்டித்தான். மணப்பாறைக்கு முன்னால் ஒரு பஞ்சர், பின்னால் ஒரு பஞ்சர். தரை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது, கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். வையம்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தபோது தொடைக்குள் கம்பி இருக்கும் இடம் மட்டும் தனியாகத் துடித்தது. பஸ்ஸில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு திண்டுக்கல் போய்விடலாமா என்று நினைத்தேன். சட்டைப்பையில் கை வைத்துப் பார்த்தேன். முடிச்சு இருந்தது. எழுந்து மிதித்தேன்.

திண்டுக்கல்லுக்கு அப்புறம் சாலையே மாறிவிட்டது. பச்சை வேட்டி, காவடி, தலையில் பை, முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் என்று கண்ணுக்கு எட்டின மட்டும் பாதயாத்திரைக் கூட்டம். ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் ஒரு பந்தலில் சுக்குக் காபி கொடுத்தார்கள். நான் காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்து ஒரு பெரியவர், "சாமி, உட்காருங்க" என்று கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார். கேட்பதற்கு முன்பே என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வயதில் மூத்தவர் மடியில் காலை வைப்பதா என்று பதறி இழுத்தேன். "மாலை போட்டிருக்கீங்க. இது உங்க கால் இல்ல, அவன் கால்" என்றார். வெந்நீர் ஊற்றித் துடைத்து, தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்தார். முட்டிக்கு மேலே தழும்பைத் தடவியவர் கை அங்கேயே நின்றது. "இதுக்குத்தான் வேண்டுதலா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அவர் பேர் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பழனி அடிவாரத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் ஹேண்டில்பாரையே பிடித்துக்கொண்டு, "வண்டிய நம்ம கடைல விடுங்க, ஃப்ரீதான்" என்றார். விட்டால், பூஜைத் தட்டு அங்கேதான் வாங்க வேண்டும், அதுவும் அவர் சொல்லும் விலைக்கு. இன்னொருவர் வரிசையில் நிற்காமல் பார்க்க வைக்கிறேன் என்று ரகசியமாகச் சொன்னார். 500 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்தவனுக்கு இரண்டு மணி நேர வரிசையா பாரம்? ஊர் ஊராக நடந்து, காலில் கொப்புளத்தோடு வருகிறவர்களிடம் இப்படிப் பறிப்பது எவ்வளவு பெரிய பாவம். போகிறவர்கள் யாரும் அவர்களோடு பேச்சே கொடுக்காதீர்கள். நேராக அடிவாரத்திலேயே இருக்கும் ஆவினன்குடிக் கோயிலுக்கு நடந்துவிடுங்கள். நக்கீரர் சொன்ன மூன்றாம் வீடு அதுதான். மயில்மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்ததும் கோபம் தானாக இறங்கிவிட்டது.

பழனியில் ஆண்டிக் கோலத்தில்தான் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். "நீ ஒண்ணுமில்லாம கட்டில்ல கிடந்தே, அவனும் ஒண்ணுமில்லாம நின்னான். அந்தக் கோலத்தை நினைச்சுத்தான் முடிஞ்சேன்." அந்தக் கோலம் காலையில்தான் கிடைக்கும், அதனால் காலையில் மலை ஏறுவதாகத் திட்டம். மணப்பாறைப் பஞ்சர்களும் கால்வலியும் அரை நாளைத் தின்றுவிட்டன. யானைப் பாதையில் நின்று நின்று ஏறி, வரிசையில் நகர்ந்து சன்னிதிக்கு எதிரே வரும்போது சாயரட்சை, சாயங்காலப் பூஜை நேரம், ஆகிவிட்டது. எனக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கும்போது திரை போட்டார்கள். வரிசை அப்படியே நின்றது.

பின்னாலிருந்து நெருக்குகிறார்கள். ஒரு குழந்தை அழுகிறது. யாரோ என் வலது காலை மிதித்துவிட்டார்கள், அதே காலை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மா சொன்னபடி நடக்கவில்லையே, இத்தனை தூரம் வந்தும் தவறவிட்டுவிட்டோமே என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. திரை விலகியது.

கிரீடமும் பட்டுமாக ராஜா நின்றான்.

கற்பூர வெளிச்சத்தில் அந்தச் சின்ன முகம். தினமும் சொல்லும் கவசத்தில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "இதோ பார், நிற்கிறேன்" என்றுதான் சொல்ல முடிந்தது, அதையும் எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. பக்கத்தில் இருந்தவர் அரோகரா என்று கத்தினார், சன்னிதி முழுக்க அதை வாங்கிக்கொண்டது. தொடை நடுங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில், மேலே சுற்றிய ஃபேன், அம்மா பொடித்துக் கொடுத்த மாத்திரை, முதல் தடவை வாக்கர் பிடித்து நின்ற அந்தக் காலை, எல்லாம் அவன் முகத்திலேயே தெரிந்தது. முருகா, நீ என்னை நிற்க வைத்தாய். நகரச் சொல்லும்வரை நின்றேன்.

மலையில் போன் கிடையாது. கீழே வந்து, கொடுத்து வைத்ததை வாங்கிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். ஆண்டிக் கோலம் கிடைக்கவில்லை, ராஜ அலங்காரம்தான் பார்த்தேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னாள்: "உன்னை எழுப்பிவிட்டவன்டா. ராஜாவாத்தான் நிப்பான்."

அதற்கப்புறம் நான் மிதித்த மாதிரியே எனக்கு ஞாபகமில்லை. நத்தம் வழியாக அழகர்கோயில் வந்து, பதினெட்டாம்படிக் கருப்பனைக் கும்பிட்டுவிட்டு, சைக்கிளை அடிவாரத்தில் விட்டுச் சோலைமலைக்கு நடந்தே ஏறினேன். ஔவைக்குச் சுட்ட பழம் கொடுத்த நாவல் மரத்தடியில் உட்கார்ந்து, கையிலிருந்த வாழைப்பழத்தைக் குரங்குக்குக் கொடுத்தேன். பரங்குன்றத்தில் வேலுக்குப் பால். அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி. ஆறுமுகநேரி உப்பளங்கள் வெயிலில் பளபளத்தன. ஊர்ப் பேரிலேயே அவன் நிற்கிறான், வழி தவறவா போகிறது?

அம்மாவும் என் மனைவியும் செந்தூர் எக்ஸ்பிரஸில் முதல் நாளே வந்து இறங்கியிருந்தார்கள். ஒன்பது நிலைக் கோபுரம் தெரியும் இடத்தில் வழியோரம் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் ஹேண்டில்பாரில் விபூதி பூசினாள், அப்புறம்தான் எனக்கு. 12 நாள் என்று போட்ட கணக்கு 13 ஆகியிருந்தது.

கடலில் குளித்து, நாழிக்கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போனோம். கூட்டத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, அம்மா அத்தனை கூட்டத்திலும் என் கையை விடாமல் நின்றாள், அது போதும். தரிசனம் முடிந்து உண்டியல் முன்னால் வந்து, சட்டைப்பை ஊக்கைக் கழற்றி முடிச்சை எடுத்துக் கொடுத்தேன். அவிழ்க்கப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இறுகிப் போயிருந்தது, என் வேர்வையும் சேர்ந்து கல் மாதிரி. நான் பல்லால் கடித்து இழுக்கப் போனேன். "எச்சில் படாதேடா" என்று கையில் தட்டினாள். நகத்தால் நோண்டிப் பார்த்தாள், முடியவில்லை. கடைசியில் முடிச்சோடு அப்படியே கண்ணில் ஒற்றி உண்டியலில் போட்டாள். துணி சுற்றியிருந்ததால் சத்தமே கேட்கவில்லை.

வெளியே கடற்கரை மணலில் உட்கார்ந்தோம். பன்னீர் இலை விபூதியை அம்மா பிரித்தாள். வேட்டியை முட்டிக்கு மேலே சுருட்டச் சொன்னாள். இலையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, தழும்பின் ஒரு முனையில் வைத்து, மறு முனை வரைக்கும் மெதுவாக இழுத்தாள்.